ப்ளூஸ் பின்னணியில் ஒரு துப்பறியும் நாவல்: எழுத உட்காருவோருக்கு முழுமையான வழிகாட்டி

1938 ஆகஸ்ட் 16 அன்று, மிசிசிப்பி மாநிலம் கிரீன்வுட் ஊருக்குப் பக்கத்தில் ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் பாடகர் இறந்தார். ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்கள் வளர்த்த பாட்டு வகை. வயது 27. அவருடைய மரணச் சான்றிதழை 1968-இல் கேல் டீன் வார்ட்லோ என்ற ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்தார். இறப்புக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் "டாக்டர் இல்லை" என்று மட்டும் இருந்தது.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் பதிவாளர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. அதன் சாரம் இது: பண்ணைக்கார வெள்ளையரை விசாரித்தேன். இந்த ஆள் இரண்டு மூன்று வாரத்துக்கு முன் டுனிக்காவிலிருந்து வந்தான். பண்ணையில் நடந்த கறுப்பர் நடனத்துக்குப் பாஞ்சோ வாசிக்க வந்தவன். பண்ணையில் வேலை பார்க்காதவன் என்பதால் அவனுக்கு டாக்டரை அழைக்கவில்லை. கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) கொடுத்த, கையால் செய்த சவப்பெட்டியில் புதைத்தார்கள். மேகநோயில் (சிபிலிஸ்) செத்திருப்பான் என்பது பண்ணைக்காரர் அபிப்பிராயம்.

உலகமே கிட்டாருக்காகக் கொண்டாடும் மனிதரின் கையில் சான்றிதழ் பாஞ்சோவைக் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து, கொலைகாரன் யார் என்ற கேள்வி எனக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. ஒருவர் சாகிறார், யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ப்ளூஸ் மண்ணில் நடக்கும் எந்தத் துப்பறியும் கதைக்கும் உயிர்நாடி இந்தக் கேள்விதான். போலீஸ் எழுதாமல் விட்ட வழக்கு டைரியை அந்த ஊர்ப் பாட்டுகள் எழுதி வைத்திருக்கின்றன. நம் நாவல் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கீழே படிப்படியாகச் சொல்கிறேன். விளக்க வசதிக்காக ஒரு கற்பனைக் கதையையும் கூடவே வளர்த்துக்கொண்டு போகிறேன்.

படி 1: ஒரே ஒரு வருடத்தைப் பிடியுங்கள்

ப்ளூஸ் வரலாறு முழுவதையும் ஒரு நாவலில் அடைக்க ஆசை வரும். 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில், கிட்டார் தந்திமேல் கத்தியை அழுத்தி ஒருவர் வாசித்ததை டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசையமைப்பாளர் கேட்டது, 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ஓக்கே நிறுவனத்துக்குப் பாடிய இசைத்தட்டு, 1943-இல் பாடகர் மடி வாட்டர்ஸ் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறியது என எல்லாமே இழுக்கும். இழுபடாதீர்கள். குற்றக் கதைக்குச் சிறிய மேடைதான் பலம். தேதி நெருங்க நெருங்கத்தான் பொய் சொல்பவர் மாட்டிக்கொள்வார்.

நான் தேர்ந்தெடுப்பது 1930. இடம் மிசிசிப்பி டெல்டா. டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் என்று எண்ணிவிடக் கூடாது. மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு நடுவே, மெம்ஃபிஸிலிருந்து விக்ஸ்பர்க் வரை ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்குத் தட்டையாகக் கிடக்கும் வண்டல் பூமி அது. மூன்று வருடம் முன்பு, 1927 ஏப்ரல் 21 அன்று, மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்து அந்தப் பூமி கடலாகியிருந்தது. 1929-இல் பவுண்டு 16, 17 சென்ட் விற்ற பருத்தி 1931-இல் 6 சென்டுக்கும் கீழே போகப் போகிறது. 1930 கோடையில் வறட்சி. அதே வருடம் மே மாதம் சார்லி பேட்டன், சன் ஹவுஸ், வில்லி பிரவுன், லூயிஸ் ஜான்சன் நால்வரும் விஸ்கான்சின் மாநிலம் கிராஃப்டன் ஊருக்குப் போய்ப் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடினார்கள்.

இவ்வளவும் இருந்தும் நான் 1930-ஐ எடுத்ததற்குக் காரணம் வேறு. அது ஜேக் வருடம்.

அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. மருந்துக்கடையில் "ஜமைக்கா ஜிஞ்சர்" என்று இஞ்சிச் சாறு விற்றார்கள். பேர்தான் வயிற்றுவலி மருந்து, குப்பியில் இருந்தது பெரும்பாலும் ஆல்கஹால். ஏழைகள் அதை "ஜேக்" என்பார்கள். அரசு சோதனையில் மருந்துபோலவே தெரிய வேண்டும் என்பதற்காகப் பாஸ்டனைச் சேர்ந்த ஹப் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் அதில் ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். 1930 தொடக்கத்திலிருந்து, குடித்தவர்களுக்குக் கால் விழ ஆரம்பித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 30,000-லிருந்து 50,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். குற்றவாளிகளுக்குக் கிடைத்த இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் முதலில் நிறுத்தி வைக்கப்பட்டது.

நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது அந்த நோயின் நடையை. குடித்த அன்று ஒன்றும் தெரியாது. பத்து நாளோ இரண்டு மூன்று வாரமோ கழித்துக் கெண்டைக்கால் வலிக்கும், விரல்கள் மரத்துப்போகும், பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கிப் பாதத்தை முன்னால் வீச வேண்டும். முன்பாதம் முதலில் "சப்" என்று தரையில் அறையும், பிறகு குதிகால் "டக்" என்று இறங்கும். சப்-டக், சப்-டக். இருட்டில்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஓசை. ஊரில் அதற்கு "ஜேக் வாக்" என்றே பேர் வைத்தார்கள். ஐஷ்மன் பிரேசி அந்த வருடமே அதைப் பாட்டாக்கித் தட்டில் பதிந்தார். பின்னாளில் மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இந்தப் பாட்டுகளை ஆவணமாகவே எடுத்துப் படித்தார்கள்.

படி 2: இறந்தவரை முதலில் உயிரோடு காட்டுங்கள்

நம் கதையில் இறப்பவர் முப்பது வயதுப் பாடகர். வெள்ளிக்கிழமை வரை பண்ணையில் உழைப்பு, சனிக்கிழமை ராத்திரி ஜூக் ஜாயிண்ட்டில் கிட்டார். ஜூக் ஜாயிண்ட் என்பது தனியாகக் கட்டிய மண்டபம் என்று கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் யாரோ ஒருவரின் பலகை வீடு. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு உள்ளே ஆடுவார்கள். ஒரு மூலையில் மீன் வறுபடும், இன்னொரு மூலையில் கள்ளச்சாராயம், பின்கட்டில் சூதாட்டம். மின்சாரம் கிடையாது. கிராமங்களுக்கு மின்கம்பி இழுக்கும் அரசுத் திட்டமே 1935-இல்தான் தொடங்கியது. அதனால் ஒலிபெருக்கி இல்லை, மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தக் கூச்சலுக்கு மேலே ஒற்றைக் கிட்டார் கேட்க வேண்டும் என்பதால்தான் டெல்டா வாசிப்பு அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது. பாடகர் காலால் பலகைத் தரையை உதைத்துத் தாளம் போடுவார். இப்படி ஒரு ராத்திரியை முதல் அத்தியாயத்தில் முழுசாக எழுதுங்கள். வாசகர் அந்தக் குரலுக்குப் பழகிய பிறகு அது நின்றுபோனால்தான் வலிக்கும்.

இறப்பு எப்படி? ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை, வாய்க்கால் ஓரத்தில் பிணம். மரண விசாரணை அதிகாரி அங்கே தேர்தலில் ஜெயித்து வருபவர், டாக்டராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "குடித்துவிட்டு விழுந்தான்" என்று எழுதுவார். முடிந்தது.

விஷம் வைத்துக் கொல்ல ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. ராபர்ட் ஜான்சனுக்கு விஸ்கியில் ஸ்ட்ரிக்னின் கலந்தார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாக ஓடுகிறது. ஸ்ட்ரிக்னின் நாக்கில் பட்டாலே கடும் கசப்பு, வலிப்பும் மரணமும் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவரோ நாள் கணக்கில் கிடந்து இறந்தார் என்கிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை. ஜேக்கும் ஆளைக் கொல்வதைவிட முடமாக்கும் விஷம்தான். எந்த விஷமானாலும் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்பதை முதலில் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். பின்னால் பார்க்கப்போவது போல, நேரமே துப்பாகவும் மாறும்.

படி 3: யார் துப்பறிவது?

தமிழ்த் துப்பறியும் கதையில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குவார். இங்கே ஷெரிஃப் வந்து இறங்கினால் சாட்சிகள் வாயை மூடிக்கொள்வார்கள். 1930 டெல்டாவில் ஒரு கறுப்பரின் சாவை விசாரிக்கும் உரிமையும் துணிச்சலும் யாருக்கு இருந்தது?

ரயிலில் புல்மன் போர்ட்டர், அதாவது தூங்கும் பெட்டியில் பயணிகளைக் கவனிக்கும் கறுப்பு ஊழியர் ஒருவர் இருக்கலாம். தெற்கில் பல ஊர்களில் வெளிப்படையாக விற்க முடியாத "சிகாகோ டிஃபெண்டர்" என்ற கறுப்பர் பத்திரிகையை அவர்கள்தான் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கைமாற்றினார்கள். ஜாக்சன் நகரில் ஃபேரிஷ் தெருவில் கடை வைத்திருந்த எச்.சி. ஸ்பியரைப் போன்ற திறமை தேடும் தரகர் இருக்கலாம். பேட்டனையும் ஸ்கிப் ஜேம்ஸையும் தட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தவர் அவர். ஆனால் அவர் வெள்ளையர், வியாபாரி.

நான் தேர்ந்தெடுப்பது இறுதிச் சடங்கு நடத்தும் கறுப்பர் ஒருவரை. வெள்ளை முதலாளியிடம் கூலிக்கு நிற்காத மிகச் சில தொழில்களில் அதுவும் ஒன்று. பிணத்தைக் குளிப்பாட்டித் துணி போர்த்துபவர் அவர்தான், காயம் எந்தப் பக்கம் என்பது அவர் கைக்குத் தெரியும். வாரா வாரம் சில சென்ட் வாங்கி அடக்கச் செலவுக்குச் சீட்டுப்போல வரவு வைக்கும் நோட்டும் அவரிடமே இருக்கிறது. யார் எந்த வாரம் கட்டவில்லை, யாருக்குத் திடீரென்று காசு வந்தது என்பதெல்லாம் அந்த நோட்டில் உண்டு. அவருக்கு உதவியாளராகப் பதினாறு வயதுப் பையன் ஒருவனையும் வையுங்கள். அவன் பின்னால் தேவைப்படுவான்.

படி 4: கொலைக்குக் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும்

பொறாமை பிடித்த கணவன் என்ற காரணம் ப்ளூஸ் கதைகளில் தேய்ந்துபோய்விட்டது. பணத்தைத் தேடுங்கள்.

நம் ஊர் வாரக் குத்தகைதான் அங்கேயும். நிலமும் கோவேறு கழுதையும் விதையும் முதலாளி கொடுப்பார், விளைச்சலில் பாதி அவருக்கு. மாவு, பன்றிக்கறி, மண்ணெண்ணெய் எல்லாம் பண்ணைக் கடையில் பற்று. டிசம்பரில் கணக்கு முடிப்பார்கள். பற்று எழுதியவரும் கணக்கு முடித்தவரும் ஒரே ஆள். கேள்வி கேட்டால் ஊரில் இருக்க முடியாது. பெரும்பாலோருக்கு வருடக் கடைசியில் மிஞ்சியது கடன்.

பாட்டுக்கும் அதே கணக்குதான். தட்டுக் கம்பெனி ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடும், விற்பனையில் பங்கு கிடையாது. பாரமவுண்ட் உண்மையில் ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. விஸ்கான்சின் சேர் கம்பெனி கிராமஃபோன் பெட்டி செய்து விற்றது, பெட்டிக்குத் துணையாகத் தட்டும் விற்றது. ஒரு தட்டு 75 சென்ட்.

நம் கதையில் காரணம் இப்படி: மார்ச் மாதம் பத்திரிகைகளில் ஜேக் செய்தி வந்துவிட்டது. பண்ணைக் கடைக்காரர் மிச்சமிருந்த குப்பிகளைக் கொட்டாமல், ஏழை வாரக்குடிகளுக்குப் பற்றில் தள்ளிவிடுகிறார். நம் பாடகர் கடையின் பேரைச் சொல்லி ஒரு பாட்டுக் கட்டுகிறார். கிராஃப்டனில் அதைப் பதிந்தும்விடுகிறார். தட்டு வெளிவந்தால் கடைக்காரர் கதி?

படி 5: துப்புகளைப் பாட்டிலிருந்து எடுங்கள்

இந்த நாவலின் சுவை முழுக்க இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு நிஜத் துப்பறிவு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவர் 1928-இல் ஓக்கேவுக்குச் சில பாட்டுகள் பாடிவிட்டுக் காணாமல் போனார். அதில் ஒரு பாட்டில் தன் சொந்த ஊர் அவலான் என்று சொல்கிறார். அப்போதைய வரைபடங்களில் அந்தப் பேர் அகப்படவில்லை. 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய அட்லஸ் ஒன்றில் அதைக் கண்டுபிடித்து, காரை எடுத்துக்கொண்டு போய் விசாரித்தார். முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஹர்ட் அதே ஊரில் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார்! ஒரு வரி, ஒரு ஊர்ப்பேர், ஒரு பழைய வரைபடம், அவ்வளவுதான். இதைவிட நல்ல துப்பை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய முடியாது.

சார்லி பேட்டன் இன்னும் ஒரு படி மேலே. தன்னைப் பிடித்த காவல் அதிகாரிகளின் பேரைப் பாட்டிலேயே வைத்தார். 1929-இல் அவர் பாடிய ஒரு பாட்டில் வரும் அதிகாரி, பேர் லேசாகத் திரிந்திருந்தாலும், பொலிவர் கவுண்டியில் நிஜமாகவே வேலை பார்த்தவர். ஆய்வாளர்கள் பின்னாளில் அவரையே தேடிப்போய்ப் பேசினார்கள்.

ஆனால் பாட்டில் வரும் "நான்" எப்போதும் பாடுபவர் அல்ல. கொலை செய்ததாகப் பாடியவரெல்லாம் கொலைகாரர் இல்லை. ஒரு வரி ஊர் ஊராகச் சுற்றி இருபது பேர் வாயில் வரும். உங்கள் துப்பறிபவர் இந்த வித்தியாசம் தெரிந்தவராக இருக்க வேண்டும். பொது வரிகளைத் தள்ளிவிட்டு, வேறு யாரும் பாடாத ஒற்றை வரியை மட்டும் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு சிக்கல். ஆங்கிலச் சிலேடையில் ஒளிந்திருக்கும் துப்பு தமிழுக்கு வந்ததும் செத்துவிடும், அடிக்குறிப்பு போட்டு விளக்கினால் சஸ்பென்ஸ் போய்விடும். அதனால் மொழி மாறினாலும் சாகாத துப்புகளைச் சேர்த்து வையுங்கள். ஊர்ப்பேர், எண், ஓசை, சுருதி.

சுருதியை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் பலர் கிட்டாரைத் திறந்த சுருதியில் கட்டுவார்கள். எந்த விரலும் வைக்காமல் ஆறு தந்தியையும் ஒருசேர மீட்டினாலே ஒரு ஸ்வரக் கூட்டம் ஒலிக்கும். அதன்மேல் பாட்டில் கழுத்தையோ கத்தியையோ தேய்த்தால் அந்த அழுகுரல் வரும். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பென்டோனியா ஊர்க்காரரான ஸ்கிப் ஜேம்ஸ் கட்டிய மைனர் சுருதி, கேட்டவுடன் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும், அதை வேறு இடத்தில் கேட்பது அரிது. இப்போது நம் கதை: பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்த கிட்டாரை உதவியாளப் பையன் சும்மா ஒருமுறை வருடிப் பார்க்கிறான். இறந்தவர் என்றைக்கும் கட்டாத சுருதி. அப்படியானால் அது அவர் கிட்டார் இல்லை, அல்லது கடைசியாக அதை வாசித்தவர் அவர் இல்லை.

அடுத்து தட்டு. பத்து அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். தட்டு செய்த பொருள் அரக்கு. உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் நம் நாட்டுக்குத்தான் முதலிடம். இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துப் பலாச மரங்களில் பூச்சி வடித்த பிசின், கப்பலேறிப் போய், ஒரு டெல்டா விவசாயியின் குரலைத் தாங்கியிருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு மனசு நெகிழ்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கினார்கள். அரிய தட்டுகள் அழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான வெற்று வளையம் இருக்கிறதே, அதில் ஒரு எண் பொறித்திருக்கும். கிராஃப்டனில் பதிந்தவற்றுக்கு "எல்" என்ற எழுத்தில் தொடங்கும் எண். லேபிளைக் கிழிக்கலாம், மாற்றி ஒட்டலாம், அந்த எண்ணை மாற்ற முடியாது. ஒரே பாட்டை இரண்டு முறை பாடிப் பதிவதும் வழக்கம். ராபர்ட் ஜான்சன் பாட்டுகள் பலவற்றுக்கு இரண்டாம் பதிவு இன்றும் கிடைக்கிறது, சொற்கள் ஆங்காங்கே மாறும். நம் நாவலில், வெளிவந்த தட்டில் கடையின் பேர் இல்லை. வெள்ளை லேபிளில் பென்சிலால் எழுதிய ஒரு சோதனைத் தட்டில் இருக்கிறது. அது எங்கே?

இப்படித் தொலைந்த தட்டுகள் நிஜத்திலும் உண்டு. வில்லி பிரவுன் பாரமவுண்டுக்குப் பாடிய ஒரு தட்டு இன்றுவரை ஒருவர் கைக்கும் கிடைக்கவில்லை. டாமி ஜான்சன் என்ற இன்னொரு மிசிசிப்பிப் பாடகர் ஜேக்கைப் பற்றிப் பாடிய தட்டின் பிரதி ஒன்று 2013-இல் 37,100 டாலருக்கு ஏலம் போனது. அதனால் கொலை நடந்து முப்பது வருடம் கழித்தும் ஒரு தட்டைத் தேடி ஆட்கள் அலைவது நம்பும்படியாகவே இருக்கும்.

கடைசித் துப்பு அந்த நடை ஓசை. சம்பவ ராத்திரி வாய்க்கால் கரையில் "சப்-டக்" கேட்டதாக ஒரு பாட்டி சொல்கிறாள். ஊரில் ஜேக் கால் விழுந்த ஒரே ஆள், இறந்தவரோடு சேர்ந்து வாசிக்கும் தோழர். எல்லோரும் அவரைச் சந்தேகிக்கிறார்கள். நம் துப்பறிபவர் வரவு நோட்டைப் புரட்டுகிறார். சீட்டுக் காசைக் கட்டாமல் தோழர் குப்பி வாங்கியது கொலைக்கு நான்கு நாள் முன்பு. விஷம் காலுக்கு இறங்கப் பத்து நாளாவது வேண்டும். அன்று ராத்திரி அவர் நேராகத்தான் நடந்திருப்பார். அப்படியானால் அந்த ராத்திரியே கால் விழுந்திருந்த வேறொருவர் இருக்கிறார், அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார். கடைச் சரக்கை ரகசியமாகக் குடித்த கடைக்காரர் மகன்!

படி 6: புராணத்தை ஒட்டடை அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்

நாற்சந்தியில் நள்ளிரவில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்ற கதையை எப்படியும் யாராவது கேட்பார்கள். அந்தக் கதை முதலில் டாமி ஜான்சனைப் பற்றி அவர் அண்ணன் சொன்னது, ராபர்ட்மேல் பிறகு ஏறியது. ராபர்ட் ஐக் ஜிம்மர்மன் என்பவரிடம் பாடம் கேட்டார். இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பழகினார்கள், அங்கே சத்தம் போட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். கல்லறைமேல் உட்கார்ந்து பிடிவாதமாகப் பழகும் இளைஞனின் படம், பிசாசைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் விஷயம் இன்னும் ஆழமானது. 1937 செப்டம்பர் 26 அதிகாலை 61-ஆம் நெடுஞ்சாலையில் கார் விபத்து. கிளார்க்ஸ்டேல் ஊரில் கறுப்பர் மருத்துவமனையில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பியதால் செத்தார் என்று பத்திரிகையில் வந்தது, நெடுநாள் நம்பினார்கள். அது நடக்கவில்லை. விபத்து இடத்தில் உதவிய டாக்டர் பின்னால் சொன்னது: அந்த ஊரில் எந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் ஒரு கறுப்புப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் எண்ணமே வந்திருக்காது. வதந்தியில் ஒரு கெட்டவர் இருந்தார். உண்மையில் ஒரு ஊரே இருந்தது. உங்கள் நாவலில் வதந்தி உடையும் இடத்தை இந்த மாதிரி அமையுங்கள். பொய் விலகும்போது நிம்மதி வராமல் பாரம் கூட வேண்டும்.

படி 7: இரண்டாவது காலம், 1964 ஜூன்

இரண்டு காலத்தில் கதை சொல்ல விரும்பினால் இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. அந்த ஜூனில் வடக்கிலிருந்து வந்த தட்டுப் பைத்தியங்கள் ஸ்கிப் ஜேம்ஸை டுனிக்கா மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். சன் ஹவுஸைத் தேடி மிசிசிப்பி முழுக்க அலைந்த இன்னொரு கூட்டம், அவரை நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் கண்டுபிடித்தது. அதே ஜூன் 21 அன்று நெஷோபா கவுண்டியில் செய்னி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளம் உரிமைப் போராளிகள் காணாமல் போனார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள்ளிருந்து அவர்கள் உடல்களை எடுத்தார்கள். வடக்கத்தி நம்பர் பிளேட் போட்ட கார் டெல்டா சாலையில் போனாலே பின்னால் ஒரு வண்டி தொடரும் காலம் அது.

அந்தச் சாலையில் நம் பாடகரின் மகளை அனுப்புங்கள். சிகாகோவில் நர்ஸ், வயது 34, அப்பா முகம் தெரியாது. அப்போதைய உதவியாளப் பையன் இப்போது ஐம்பது வயதுச் சடங்கு இல்ல முதலாளி. கடைக்காரர் மகன் இப்போது ஊர்ப் பெரிய மனிதர், ஊன்றுகோலோடு நடக்கிறார், சின்ன வயதில் போலியோ என்று சொல்லிக்கொள்கிறார். நர்ஸின் கண் அங்கே நிற்கும். போலியோ கால் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகச் சூம்பித் துவண்டிருக்கும். இவருக்கு இரண்டு காலும் ஒரே அளவு, துவளாமல் விறைத்திருக்கின்றன. ஜேக் விஷம் தண்டுவடத்தையும் தொட்டுவிடுவதால் ஆண்டுகள் கழித்து அந்த விறைப்பு வரும்.

ஒரு காலப்பிழை எச்சரிக்கை: 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு விதிப்படி 2002-இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 1964-இல் உங்கள் நாயகி அதைப் புரட்ட முடியாது. நீங்கள் புரட்டலாம், கட்டாயம் புரட்டுங்கள்.

படி 8: "அவன்" யார், "அவர்" யார்

ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்காத ஆயுதம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. தெற்கில் வெள்ளையர் எந்த வயதுக் கறுப்பரையும் "பையா" என்பார்கள், முதியவரை "அங்கிள்" என்பார்கள், பேருக்கு முன் மிஸ்டர் போட மாட்டார்கள். கறுப்பர் பத்து வயது வெள்ளைப் பிள்ளைக்கும் பணிந்து பேச வேண்டும். தமிழில் இதை விளக்கவே தேவையில்லை. ஷெரிஃப் வாயில் "டேய்", எழுபது வயதுச் சடங்குக்காரர் வாயில் "ஐயா". ஒரு விகுதி போதும்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ராபர்ட் ஜான்சன் "இறந்தார்" என்று எழுதினேன். சான்றிதழ்க் குறிப்பைச் சொன்னபோது "வந்தான்", "செத்திருப்பான்" என்று எழுதினேன். அந்த மாற்றத்தில்தான் இந்த நாவலின் அரசியல் முழுக்க இருக்கிறது. கதைசொல்லி யாருக்கு "அவர்" போடுவார் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்து, கடைசிவரை காப்பாற்றுங்கள்.

வட்டார வழக்கில் ஒரு தவறு செய்யாதீர்கள். டெல்டா வாரக்குடிகளை நம் ஊரின் ஏதோ ஒரு சமூகத்தின் பேச்சில் பேச வைத்தால், மிசிசிப்பி மறைந்து அந்த ஊரும் அந்தச் சாதியும் வந்து உட்கார்ந்துவிடும். பொதுவான பேச்சுத் தமிழ் போதும். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும், தேவாலயத்தில் பிரசங்கிக்குப் பதில் குரல் கொடுப்பதுபோல் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் "ஆமாம்" போடட்டும். மண்ணின் வாசனை பொருள்களிலிருந்து வரும்: பருத்திக் கோணி, கரை மேடு, சோளமாவு ரொட்டி, கெளிற்று மீன்.

படி 9: பாட்டு வரிகளை நீங்களே எழுதுங்கள்

ராபர்ட் ஜான்சன் பாட்டுகளுக்கு இன்றும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர் மகன் நீதிமன்றம் ஏறி வாரிசு என்று நிரூபித்து உரிமைத் தொகை பெற்றார். வாழ்ந்த காலத்தில் கிடைக்காத பணம்! ஆகவே இருக்கும் பாட்டுகளை எடுத்துப் போடாதீர்கள். வடிவம் எளிது. பன்னிரண்டு தாளக் கட்டு, மூன்று அடி. முதல் அடியையே இரண்டாவதாகத் திரும்பப் பாடுவார்கள், அதற்குள் கேட்பவர் மனம் பதிலுக்கு ஏங்கும். மூன்றாவது அடி அதைத் திருப்பிப் போடும். நம் பாடகருக்காக நான் எழுதியது:

வெள்ளம் வந்த நாளிலே கரை மேட்டுல நின்னேன்,
ஆமாம் சாமி, வெள்ளம் வந்த நாளிலே கரை மேட்டுல நின்னேன்,
தண்ணி என்னை விட்டுருச்சு, கடைக் கணக்கு விடலையே.

வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு கிட்டார் பதில் சொல்ல இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் இல்லாவிட்டால் அது ப்ளூஸ் இல்லை. மூன்றாவது அடியில் ஒரு துப்பும் உட்காரலாம், இங்கே கடைக் கணக்கு உட்கார்ந்திருப்பதுபோல.

படி 10: முடிவு

நீதிமன்றத்தில் முடிக்காதீர்கள். 1955-இல் எம்மட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவனைக் கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் விடுவித்தது. 1964 ஜூன் கொலைகளுக்கு மாநில நீதிமன்றம் முதல் தண்டனை கொடுத்தது 2005-இல். உங்கள் கடைக்காரர் மகன் 1964-இல் கைவிலங்கோடு போனால், அதுவரை நீங்கள் எழுதிய வரலாறு முழுக்கப் பொய்யாகிவிடும்.

நான் எழுதினால் இப்படி முடிப்பேன். சோதனைத் தட்டு கிடைத்துவிட்டது. அடக்கச் சீட்டு நோட்டுகளோடு சேர்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, முப்பத்து நான்கு வருடமாகச் சடங்கு இல்லத்தில் இருந்திருக்கிறது. அதைக் கேட்ட மறுநாள் காலை மகள் கவுண்டி பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறாள். கவுண்ட்டரில் இருக்கும் பெண் பேர் கேட்கிறாள். அப்பாவின் பேரைச் சொல்கிறாள், முன்னால் மிஸ்டர் சேர்த்து. அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு உள்ளே போய், பழைய கட்டிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்து வந்து, மேசைமேல் வைக்கிறாள். காரணம் எழுத வேண்டிய இடத்தின்மேல் மகள் விரலை வைத்துச் சொல்கிறாள்: "இதை எழுதிக்குங்க."